மருத்துவ அறிஞர் கிரூண்ட்சிக்

நன்மை பயக்கும் கருவிகள் பலவும் ஓரளவு தீமையையும் உடன்கொண்டே பிறக்கின்றன. சோறு சமைக்கும் தீயே கூரையையும் எரிக்கவல்லது. நிலத்தைக் கீறி விளைவு தரும் கொழுமுனை, கவனம் தப்பினால் உழுவோன் காலையும் கீறிவிடும். மருத்துவக் கருவிகளும் இவ்வியல்புக்கு விலக்கல்ல. நோயைத் தீர்ப்பதற்காக உடம்பினுள் செல்லும் கருவி, தான் நுழையும் வாயிலில் ஒரு புண்ணை உண்டாக்கியே செல்கின்றது. பயனை மட்டும் பறைசாற்றிப் புண்ணை மறைப்பவர் சிறந்த மருத்துவர் ஆகார். இரண்டையும் ஒரே ஏட்டில் எழுதி உலகிற்குக் காட்டுபவரே மருத்துவத்தை வளர்ப்பவர் ஆவார். அத்தகைய பெரியோருள் ஒருவர் ஆண்டிரியாஸ் கிரூண்ட்சிக் என்னும் ஜெர்மானிய அறிஞர். மார்பைப் பிளக்காமலே இதயத்தின் அடைபட்ட குழாயைத் திறக்கும் வழியைக் கண்டவர் இவரே.

முன்னோர் இட்ட வழி

நம் இதயம் நம் கைம்முட்டி அளவினது. அது நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு நூறாயிரம் முறை துடித்து, உடலெங்கும் குருதியைச் செலுத்துகின்றது. பிற உறுப்புகளுக்கெல்லாம் உணவூட்டும் இதயத்திற்கும் உணவு வேண்டுமன்றோ? அவ்வுணவைக் குருதி வழியாகக் கொண்டுவருவன, இதயத்தின் மேற்புறத்தில் படர்ந்துள்ள சிறு தமனிகள். அவற்றின் உள்ளகலம் நெல்மணி ஒன்றின் அகலத்தினும் சற்றே மிகுந்தது. கொழுப்பும் சுண்ணமும் படிந்து அவ்வகலம் குறையுமாயின், நடக்கும்பொழுதும் படியேறும்பொழுதும் மார்பில் வலி தோன்றும். முற்றும் அடைபடுமாயின் இதயத் தசை மடியத் தொடங்கும்.

இந்நோய்க்கு முன்னாளில் மருந்து ஒன்றே துணையாயிருந்தது. 1967ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ரெனே ஃபவலோரோ என்னும் அறுவை மருத்துவர், காலிலிருந்து எடுத்த சிரையைக் கொண்டு அடைப்பைச் சுற்றி மாற்றுவழி அமைக்கும் முறையை நிலைநாட்டினார். அது பெரும்பயன் தந்தது. ஆயினும் அதற்கு மார்பெலும்பைப் பிளத்தல் வேண்டும்.

குருதிக் குழாய்களின் வழியாகவே இதயத்தை அடையலாம் என்னும் எண்ணமும் அதற்கு முன்பே தோன்றியிருந்தது. 1929ஆம் ஆண்டில் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டு என்னும் ஊரில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்னும் இளம் மருத்துவர், தம் முழங்கை மடிப்பிலுள்ள சிரையைத் திறந்து, மெல்லிய குழாய் ஒன்றைத் தம் இதயத்திற்குள் தாமே செலுத்தினார். அந்நிலையில் எக்ஸ்கதிர் அறைக்கு நடந்து சென்று அதனைப் படமாகவும் எடுத்துக்கொண்டார். அன்று அவரை மதியாத உலகம் 1956ஆம் ஆண்டில் அவருக்கு நோபெல் பரிசில் பங்களித்தது. கதீட்டர் எனப்படும் அந்நுண்குழாயை, குருதிக் குழாயை வெட்டித் திறவாமல் ஊசித்துளை வழியே நுழைக்கும் முறையை 1953ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டுச் செல்டிங்கர் கண்டார். ஊசியால் குத்தி, அதனுள் மெல்லிய கம்பியை விட்டு, ஊசியை உருவிவிட்டுக் கம்பியின் மேல் குழாயைச் செலுத்துவதே அம்முறை.

1964ஆம் ஆண்டில் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் சார்லஸ் டாட்டர் என்பார், முதிய பெண்மணி ஒருவரின் காலில் அடைபட்டிருந்த தமனியை இவ்வாறு நுழைத்த குழாயினாலேயே அகலப்படுத்தினார். மெல்லிய குழாயின் மேல் தடித்த குழாயும், அதன்மேல் இன்னும் தடித்த குழாயுமாக மாட்டித் தள்ளுவது அவர் கையாண்ட முறை. இதில் ஒரு பெருங்குறை இருந்தது. உள்ளே எவ்வளவு அகலம் வேண்டுமோ, அவ்வளவு பெரிய துளையை நுழைவாயிலிலும் இடவேண்டியிருந்தது. வழி பெரிதாகப் பெரிதாக வாயிற்புண்ணும் பெரிதாயிற்று. இக்குறையைத் தீர்க்கவே கிரூண்ட்சிக் வந்தார் எனலாம்.

இளமையும் கல்வியும்

ஆண்டிரியாஸ் கிரூண்ட்சிக் 1939ஆம் ஆண்டு சூன் 25ஆம் நாள் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் பிறந்தார். அவர் பிறந்த சில திங்களில் இரண்டாம் உலகப்போர் மூண்டது. கற்றறிந்த ஆசிரியராகிய தந்தையை அப்போரில் அவர் இழந்தார். ஆண்டிரியாசையும் அவர் தமையனையும் வளர்க்கும் சுமை அன்னையின்மீது விழுந்தது. போருக்குப் பின் அவ்வம்மையார் மக்களுடன் அர்ஜென்டினா நாட்டிற்குச் சென்று சில காலம் வாழ்ந்து, மீண்டும் தாயகம் திரும்பினார். லைப்சிக் நகரில் பள்ளிக் கல்வியை முடித்த ஆண்டிரியாஸ், கிழக்கு ஜெர்மனியிலிருந்து மேற்கு ஜெர்மனிக்குச் சென்று, ஹைடல்பெர்கு பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1964ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார்.

பட்டம் பெற்றபின், நோய்கள் மக்களிடையே தோன்றும் வகையை எண்ணிக் கணக்கிட்டு ஆராயும் துறையிலும் அவர் சில காலம் பயிற்சி பெற்றார். எண்ணிப் பார்க்காமல் எதனையும் உறுதி கூறலாகாது என்னும் பழக்கத்தை அத்துறை வளர்ப்பதாகும். அப்பழக்கம் பிற்காலத்தில் அவருக்குப் பெருந்துணையாயிற்று.

1969ஆம் ஆண்டில் அவர் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரப் பல்கலைக்கழக மருத்துவமனையில் சேர்ந்தார். டாட்டர் கண்ட முறையை ஜெர்மனியில் கையாண்டு வந்த எபர்ஹார்டு சைட்லர் என்பாரிடம் அதனைக் கற்றுக்கொண்டார். கற்றதனோடு நில்லாது அதன் குறையையும் ஆராய்ந்தார். நுழையும்பொழுது மெலிந்தும், உரிய இடத்தை அடைந்தபின் பருத்தும், வெளிவரும்பொழுது மீண்டும் மெலிந்தும் இருக்கும் கருவி ஒன்று கிடைத்தால் வாயிற்புண் சிறிதாகவே இருக்கும் என்று அவர் கருதினார். குழாயின் முனையில் ஒரு சிறு பலூனைப் பொருத்துவதே அவர் கண்ட வழி.

சமையலறையில் பிறந்த கருவி

எண்ணுதல் எளிது, செய்தல் அரிது. சாதாரண ரப்பர்ப் பலூன் இதற்கு உதவவில்லை. அதனை ஊதினால், அடைப்புள்ள இடத்தில் இடுப்பொடுங்கி, அடைப்பில்லாத இருபுறமும் வீங்கும். நோயுள்ள இடம் திறவாது, நோயற்ற இடம் கிழியும். ஆகவே குறித்த அகலத்திற்குமேல் விரியாததும், கல் போன்ற அடைப்பையும் தள்ளவல்லதுமாகிய பொருள் தேவைப்பட்டது.

பகலெல்லாம் மருத்துவமனையில் உழைத்த கிரூண்ட்சிக், மாலைப்பொழுதில் தம் வீட்டுச் சமையலறை மேசையையே பட்டறையாக்கிக் கொண்டார். அவருடைய ஆய்வுத் துணைவியாராகிய மரியா சுலும்ப் என்பவரும் அவர் கணவரும் உடனிருந்து உதவினர். குழாய்த் துண்டுகளும் பசையும் கத்தியும் நூலும் அம்மேசையில் பரவிக் கிடந்தன. வேதியியற் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஹைன்ரிக் ஹோப் என்னும் முதியவரை அணுகி, பாலிவினைல் குளோரைடு என்னும் செயற்கைப் பொருளின் இயல்பை அவர் கேட்டறிந்தார். அப்பொருளாலான மெல்லிய குழாயை வெப்பத்தால் இளக்கி, காற்றழுத்தத்தால் விரித்து, நீண்டுருண்ட சிறு பலூனாக்கினார். பலமுறை அது வெடித்தது, பலமுறை கசிந்தது. அவர் தளர்ந்தாரல்லர்.

1974ஆம் ஆண்டில் அப்பலூனைக் கொண்டு காலுக்குச் செல்லும் தமனியின் அடைப்பை முதன்முதல் நீக்கினார். பின்னர் இதயத்திற்கேற்றவாறு கருவியைச் சிறிதாக்கி, விலங்குகளிடம் ஆய்ந்தார். 1976ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மயாமி நகரில் கூடிய இதய மருத்துவர் பேரவையில் அவ்வாய்வின் முடிவைக் காட்சிக்கு வைத்தார். துடிக்கும் இதயத்தின் தமனியை உள்ளிருந்து அழுத்துவது நடவாத செயல் என்று பலர் ஐயுற்றனர். 1977ஆம் ஆண்டு மே திங்களில் சான்பிரான்சிஸ்கோ நகரில், மார்பைத் திறந்து செய்யும் அறுவையின்போதே ரிச்சர்டு மைலர் என்பாருடன் சேர்ந்து பலூனை ஆய்ந்து பார்த்தார். அடைப்பு நொறுங்கித் துகள்களாய்ச் சிதறவில்லை என்று அப்பொழுது தெரிந்தது. அதன் பின்னரே விழித்திருக்கும் நோயாளியிடம் அதனைக் கையாளத் துணிந்தார்.

முதல் நோயாளி

1977ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் மருத்துவ வரலாற்றில் மறக்கலாகாத நாள். சூரிக் மருத்துவமனையில் அன்று படுத்திருந்த நோயாளிக்கு அகவை 38. மருத்துவராகிய கிரூண்ட்சிக்குடைய அகவையும் அதுவே. நோயாளியின் இதயத்தின் முன்புறத்தில் இறங்கும் தமனியில் குறுகிய அடைப்பு ஒன்று இருந்தது. செய்யப்போவது இதுவரை எவரும் செய்யாத செயல் என்பதை அறிந்தே அவர் அதற்கு இசைந்தார்.

மருத்துவம் என்பது நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து துணைபுரிவோன் ஆகியோரின் கூட்டு என வகுத்தார் வள்ளுவர். அன்று அக்கூட்டு முழுமையாய் அமைந்திருந்தது. அறுவைத் துறைத் தலைவராகிய ஓக்கே செனிங், பலூன் முறை வெற்றி பெற்றால் தம் தொழிலின் ஒரு பகுதி குறையும் என்று எண்ணாமல், தம் குழுவினரை ஆயத்தமாக நிறுத்தியிருந்தார். குழாய் பிழைத்தால் அந்நொடியே மார்பைத் திறந்து உயிரைக் காக்க வேண்டும் என்பதே ஏற்பாடு.

தொடையிடுக்கில் உணர்ச்சி நீக்கும் மருந்து ஏற்றப்பட்டது. தமனியை ஊசியால் குத்திக் குழாய் செலுத்தப்பட்டது. அக்குழாயினுள்ளே பலூன் குழாய் சென்றது. அடைப்பைக் கடந்ததும் பலூன் விரிக்கப்பட்டது. மீண்டும் ஒருமுறை விரிக்கப்பட்டது. அடைப்பிற்கு அப்பால் தாழ்ந்திருந்த குருதியழுத்தம் உயர்ந்தது. நோயாளியின் மார்புவலி நீங்கிற்று. காத்திருந்த அறுவைக் குழுவினருக்கு வேலையில்லாமற் போயிற்று. பத்தாண்டுகள் கழித்து மீண்டும் ஆய்ந்து பார்த்தபொழுதும் அத்தமனி திறந்தே இருந்தது. ஆஞ்சியோபிளாஸ்டி என இன்று ஊர்தோறும் பேசப்படும் மருத்துவம் இவ்வாறு தோன்றியது.

குறைகளை எண்ணிய நேர்மை

வெற்றி பெற்றவர் பலர்க்கு ஒரு நோய் உண்டு. பெற்ற வெற்றியை உரக்கக் கூறி, பெறாத வெற்றியை மறந்துவிடுவதே அந்நோய். கிரூண்ட்சிக்கை அது பற்றவில்லை. 1979ஆம் ஆண்டில் தம் முதல் 50 நோயாளிகளின் வரலாற்றை அவர் புகழ்பெற்ற மருத்துவ இதழொன்றில் வெளியிட்டார். 32 பேரிடம் முறை வெற்றி பெற்றது என்று எழுதிய அதே கட்டுரையில், 5 பேருடைய நிலை திடீரெனக் கெட்டு உடனே மார்பறுவை செய்ய நேர்ந்தது என்றும், அவருள் 3 பேருக்கு இதயத் தசை கெட்டதற்கான அடையாளம் காணப்பட்டது என்றும் எழுதினார். மார்பறுவைக்குரிய நோயாளிகளுள் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பேர்க்கு மட்டுமே தம் முறை பொருந்தும் என்று மதிப்பிட்டார். தம் முறையை அறுவையோடும் மருந்தோடும் நடுநிலையாக ஒப்பிட்டு ஆராய வேண்டும் என்றும் வேண்டினார்.

தம் கலையைக் கற்பிப்பதிலும் இந்நேர்மையையே கடைப்பிடித்தார். 1978ஆம் ஆண்டில் பல நாட்டு மருத்துவரைச் சூரிக் நகருக்கு அழைத்து, தாம் சிகிச்சை செய்வதைத் தொலைக்காட்சித் திரையில் அப்பொழுதைக்கப்பொழுதே காணச் செய்தார். குழாய் நேரே சென்றாலும் அவர்கள் கண்டனர், இடறினாலும் கண்டனர். 1979ஆம் ஆண்டில் அமெரிக்க தேசிய இதய நிறுவனம், இம்முறையைக் கையாளுவோர் தம் வெற்றி தோல்விகளைப் பதிந்து வைக்கும் பொதுப் பதிவேடு ஒன்றைத் தொடங்கியது. கிரூண்ட்சிக் அதற்குப் பேரூக்கம் அளித்தார். தனி மருத்துவர் ஒருவர் காணும் இடர்கள் சில; பலர் கண்டவற்றை ஓரிடத்தில் தொகுத்தால், இடர் யாருக்கு, எக்காரணத்தால் வருகின்றது என்பது விளங்கும்.

வாயிற்புண்

இவ்வாறு எண்ணித் தொகுத்த அறிவினால் விளங்கியவற்றுள் ஒன்றை ஈண்டு அறிதல் நன்று. இதயத்தினுள் எல்லாம் செவ்வனே முடிந்தபின்னும், குழாய் நுழைந்த தமனியில் துன்பம் தோன்றக்கூடும். தமனியில் குருதி மிக்க விசையோடு ஓடுகின்றது. குழாயில் குருதி உறையாதிருக்க ஹெப்பாரின் முதலிய மருந்துகளை மருத்துவர் ஏற்றுகின்றனர். இதயத்தைக் காக்கும் அம்மருந்தே நுழைவாயிலில் குருதி நில்லாமல் ஓடவும் இடந்தருகின்றது.

அவ்விடத்தில் குருதி கசிந்து தோலடியில் கன்றிக் கட்டலாம். துளை மூடாமல், தமனியின் வெளியே குருதிப்பை போன்ற பொய்ப்புடைப்பு ஒன்று உண்டாகலாம். ஊசி தமனியையும் அருகிலுள்ள சிரையையும் சேர்த்துத் துளைத்திருந்தால், இரண்டிற்கும் இடையே தகாத வழி ஏற்படலாம். குத்தும் இடம் உரிய எல்லைக்கு மேலே போனால், குருதி வயிற்றறையின் பின்புறத்தில் கண்ணுக்குத் தெரியாமல் தேங்கி உயிருக்கே இடர் விளைக்கலாம். கீழே போனாலோ, பொய்ப்புடைப்புக்கும் தகாத வழிக்கும் இடமாகும். சில வேளைகளில் தமனி அடைபட்டுக் கால் குளிர்ந்து போதலும் உண்டு.

இவ்விடர் எல்லார்க்கும் ஒத்த அளவில் வருவதன்று. முதியோருக்கும் பெண்டிருக்கும் மிகுதி. பெண்டிரின் தமனி சிறுத்திருத்தல் அதற்கு ஒரு காரணம். மிக மெலிந்தவர்க்கும் மிகப் பருத்தவர்க்கும், சிறுநீரகம் கெட்டவர்க்கும், குருதியழுத்தம் உயர்ந்தவர்க்கும், கால் தமனிகளில் முன்பே சுண்ணம் படிந்தவர்க்கும் மிகுதி. குழாய் தடித்ததாயினும், மாரடைப்பு வந்து விரைந்து செய்ய நேரினும், குருதி உறையாமைக்கான மருந்துகள் பல சேரினும் இடர் பெருகும். கிரூண்ட்சிக் தொடக்கத்தில் கையாண்ட வழிகாட்டிக் குழாய் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் தடிப்புடையது. பிற்காலத்தில் பெருவழக்கான குழாயின் தடிப்பு 2 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் குறைந்ததனால் விளைந்த நன்மை சிறிதன்று. இதய வால்வைக் குழாய் வழியே பொருத்தும் முறை 2002ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் தோன்றியபின், தடித்த குழாய்கள் மீண்டும் தேவைப்பட்டன. அதனோடு இப்பழைய கவலையும் மீண்டது.

துளை பெரிதாவதைத் தடுத்தது பலூன். துளையிடும் இடத்தையே மாற்றினால் என்ன என்று பின்வந்தோர் ஆராய்ந்தனர். மருத்துவர் நாடி பிடித்துப் பார்க்கும் மணிக்கட்டுத் தமனி தோலுக்கு மிக அருகில் உள்ளது. அதன்கீழ் எலும்பு இருப்பதால் அழுத்திக் குருதியை நிறுத்துதல் எளிது. கைக்குக் குருதி தரும் வேறொரு தமனியும் உண்டு. 1989ஆம் ஆண்டில் கனடா நாட்டின் லூசியன் காம்போ அவ்வழியே இதயத் தமனிகளைப் படமெடுத்தார். 1992ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் நகரில் ஃபெர்டினாண்டு கீமனை அவ்வழியே அடைப்பையும் நீக்கினார். 2011ஆம் ஆண்டில் 7,021 நோயாளிகளை ஆய்ந்து வெளியிட்ட ஆய்வொன்றில், நுழைவாயிலில் பெரும் இடர் நேர்ந்தது தொடை வழியில் நூற்றுக்கு 3.7 பேர்க்கும், மணிக்கட்டு வழியில் நூற்றுக்கு 1.4 பேர்க்கும் என்று கண்டனர். இவ்வழியிலும் தமனி சுருங்குதலும் அடைபடுதலும் உண்டு. முற்றும் இடரற்ற வழி இன்னும் கிடைக்கவில்லை. இடர் குறைந்த வழி கிடைத்துள்ளது.

இறுதியும் புகழும்

1980ஆம் ஆண்டில் கிரூண்ட்சிக் அமெரிக்காவின் அட்லாண்டா நகரிலுள்ள எமரி பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். அங்கும் சிகிச்சை செய்தலும் கற்பித்தலும் கணக்கெடுத்தலுமாக அவர் நாள்கள் கழிந்தன. திறந்த தமனி சில திங்களில் மீண்டும் குறுகிவிடுதல் உண்டு என்பதை அவர் மறைத்தாரல்லர். அதற்கு மாற்றுத் தேடிக்கொண்டே இருந்தார். அம்மாற்று வருவதைக் காண அவருக்கு வாய்ப்பில்லாமற் போயிற்று. விமானம் ஓட்டுவதில் விருப்பமுடைய அவர், 1985ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள் தம் சிறு விமானத்தில் மனைவியாருடன் செல்லுகையில், சார்சியா மாநிலத்தில் நேர்ந்த விபத்தில் மனைவியாருடன் உயிர் நீத்தார். அப்பொழுது அவருக்கு அகவை 46. அடுத்த ஆண்டிலேயே, திறந்த தமனியைத் தாங்கி நிற்கும் ஸ்டென்ட் என்னும் கம்பிவலைக் குழாய் மனிதரின் இதயத் தமனியில் பொருத்தப்பட்டது.

சமையலறை மேசையில் செய்த சிறு பலூன் உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் உயிரைக் காத்து வருகின்றது. அது அவர் கைத்திறத்திற்குச் சான்று. ஐம்பது பேருடைய வரலாற்றில் ஐவர் உற்ற துன்பத்தையும் மறையாது எழுதினாரே, அதுவே அவர் உளத்திறத்திற்குச் சான்று. தவற்றை எழுதி வைத்தவர் ஒருவர் இருந்தமையால், அதனைத் திருத்துவோர் பலர் தோன்றினர். மாணவர்களே, நீங்கள் எத்தொழிலை மேற்கொள்ளினும் அதன் பயனை எண்ணும் கையாலேயே அதன் புண்ணையும் எண்ணுங்கள். எண்ணப்பட்ட புண்ணே ஆறும். மறைக்கப்பட்ட புண் ஆறாது.